இடது தோளில் வெந்நீர்

அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் நகல் கடையில், கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். கடைக்கு முதலாளிகள் மாறினார்கள், மெஷின்கள் மாறின, அவள் மட்டும் அதே ஸ்டூலில் இருந்தாள். பரீட்சை நேரத்தில் கூட்டம் மேஜையை மோதிக்கொண்டு நிற்கும்போதுதான் மெஷின் காகிதத்தைக் கடித்துக்கொண்டு மக்கர் பண்ணும். மற்றவர்களாக இருந்தால் அதன் முதுகில் நாலு போடு போடுவார்கள். அவள் ஒரு கதவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். பிறகு அடுத்த கதவு. பிறகு தட்டு. ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கைவைத்தால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும் என்பாள். அந்தப் பொறுமையில் கால்வாசிகூட வீட்டுக்காரர் பக்கம் திரும்புவதில்லை என்று நாத்தனார் கேலி செய்வதுண்டு.

வீட்டுக்காரர் நீச்சல் மாஸ்டர். ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பக்கத்தில் நீந்தத் தெரிந்த யாரைக் கேட்டாலும், தன்னை முதன்முதலில் தண்ணீருக்குள் தள்ளிவிட்டவர் மாஸ்டர்தான் என்பார்கள். விடிந்ததும் தண்ணீரில் இறங்கினால் வெயில் ஏறும்வரை கரைக்கு வரமாட்டார். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் உடம்பிலிருந்து குளோரின் வாசனை போகாது. நீங்க கட்டிக்கிட்டது மனுஷனை இல்ல அண்ணி, ஒரு தவளைய, என்று கல்யாணமான புதிதிலேயே நாத்தனார் சொல்லிவிட்டாள். அவளும் அதை மறுக்கவில்லை. தவளை நல்ல தவளைதான் என்றாள்.

அந்த மனிதருக்குத்தான் ஒருநாள் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருக்கும்போதே வாயிலிருந்த விசில் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். தண்ணீருக்குள் இருக்கும்போது வராமல் போனதே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். உயிர் தப்பியது, பேச்சு தப்பியது, நக்கலும் தப்பியது. ஆனால் இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சில மாதத்தில் தடியூன்றி அறைக்குள் நடக்குமளவு கால் வந்துவிட்டது. வராதது உணர்ச்சி. தோளிலிருந்து பாதம்வரை இடப்பக்கத்தில் கிள்ளினாலும் தெரியாது, பனிக்கட்டியை வைத்தாலும் தெரியாது. மாஸ்டர் அந்தப் பக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று பெயர் வைத்தார். காலையில் எழுந்ததும், "பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் தூங்கறான்" என்பார். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிறிது நேரம் நிற்பாள்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே தண்ணீர் வீட்டுக் குளியலறையில் இருந்த மின்சார ஷவர்தான். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் ஒரு திருகி, பெட்டியிலிருந்து தொங்கும் வளைகுழாய், நுனியில் கைக்கு அடக்கமான பூவாளித் தலை. தொட்டி, கொதிகலன் எதுவும் கிடையாது. தண்ணீர் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் சூடாகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டால், அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் பழைய மாஸ்டர் வந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, நீந்துகிறவர்கள் மூச்செடுப்பதுபோல வாயோரமாக மூச்செடுப்பார்.

அந்த ஷவர் கொஞ்ச நாளாகவே சரியில்லை. தண்ணீர் சில நேரம் நூல்நூலாக விழும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சுள்ளென்று சூடேறும். போதாததற்குத் திடீரென்று பச்சைத்தண்ணீராகிப் பல்லைக் கிட்டவைக்கும். பழசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டதை நினைத்துப் பின்னால் அவள் நொந்துகொள்ளாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூவாளியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, மாஸ்டரை அதன் கீழே உட்காரவைத்துவிட்டு, அவள் வாசலில் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவர், குளத்தில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடியோடு குதித்துவிட்டுக் கண்ணாடியைக் காணோம் என்று எல்லோரையும் மூழ்கித் தேடவைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி கடைசியில் அவர் நெற்றியிலேயே இருந்த கதை. பலமுறை கேட்ட கதைதான், ஆனாலும் அவள் சிரிக்கத் தயாராக நிமிர்ந்தாள். அறை முழுக்க ஆவி. ஆவிக்கு நடுவில் அவருடைய இடது தொடை சிவந்துகொண்டிருந்தது. பூவாளி கொக்கியில் சாய்ந்து, தண்ணீர் நேராக அதன்மேல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவர் கதையை நிறுத்தவில்லை.

அவள் பாய்ந்து பூவாளியைப் பிடுங்கினாள். அவள் உள்ளங்கை துடித்துப் போயிற்று. அப்போதுதான் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று அவளுக்குத் தெரிந்தது. மாஸ்டர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

அந்தக் கேள்விதான் அவளை உலுக்கியது. சொந்தத் தோல் வெந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தொடையில் கொப்புளம் எழும்பியது. ஆறுவதற்கு வெகுநாள் பிடித்தது.

அன்றிலிருந்து வாளியும் கோப்பையும்தான். விளாவிய தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். மாஸ்டர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் குளிக்கும்போது பேச்சு நின்றுவிட்டது. ஈரச்சுவரைப் பார்த்துக்கொண்டு, எப்போது முடியும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். தண்ணீரே வாழ்க்கையாக இருந்த ஆளுக்குக் கோப்பையில் அளந்து ஊற்றுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. நாத்தனார், பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிவிடலாம் அண்ணி என்றாள். அவளுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. என்ன கோளாறு என்றே தெரியாமல் புதுசை மாட்டினால் புதுசும் கடிக்காது என்று என்ன நிச்சயம்?

அந்தக் குடியிருப்புக்கு மின்சார வேலையும் குழாய் வேலையும் பார்க்கிறவருக்கு ஃபியூஸ் என்று பெயர். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே ஒரு திருகலில் தெரு முழுவதையும் இருட்டாக்கியவர் என்பதால் வந்த பெயர். ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெல்லிசு. அவர் வந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, மீட்டரை வைத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். அவள் பக்கத்திலேயே கண்கொத்திப் பாம்பாக நின்றாள். கரண்டு ஓடும் பெட்டியில் தான் கைவைக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் பார்ப்பதற்கு என்ன?

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றார் ஃபியூஸ்.

"நல்லா இருக்கிற மெஷின் ஏன் ஆளைச் சுடுது?"

அவர் பெட்டிக்குள் இருந்த செப்பு உருளையைக் காட்டினார். "இதுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எவ்வளவு சூடு கொடுக்கணுமோ அவ்வளவையும் கொடுத்துக்கிட்டே இருக்கும். தண்ணி நிறைய வந்தா அந்தச் சூட்டை நிறையத் தண்ணி பங்கு போட்டுக்கும், இதமா இருக்கும். தண்ணி கொறைஞ்சா, அதே சூடு மொத்தமும் அந்தக் கொஞ்சத் தண்ணி தலையில விழும்."

"அப்போ திடீர்னு பச்சைத்தண்ணி வருதே, அது?"

"சூடு அளவு மீறினா உள்ள ஒரு சுவிட்ச் தானா அணைஞ்சிடும். ஆறினதும் மறுபடி போட்டுக்கும். அது காவலுக்கு இருக்கிறது. ஆனா அது முழிச்சுக்கிறதுக்குள்ள சுடவேண்டியது சுட்டுடும்."

அவள் குனிந்து அந்த உருளையைப் பார்த்தாள். "அப்படின்னா சூடும் குளிரும் ரெண்டு வியாதி இல்ல. ஒரே வியாதி."

ஃபியூஸ் தலையாட்டினார். தண்ணீர் ஏன் குறைகிறது என்று கண்டுபிடித்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்றார்.

அவர் போன பிறகும் அவள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் திருகியைத் திருப்பினால் சூடு கூடுகிறது என்றுதான் நினைத்திருந்தாள். கூடுவது சூடு அல்ல, குறைவது தண்ணீர். தினமும் தலையில் விழுந்த ஒன்றின் சங்கதி இவ்வளவு நாள் தெரியாமலே இருந்திருக்கிறது. அவளுக்கு லேசாகச் சிலிர்த்தது.

பிறகு கடையில் செய்வதைப்போலவே செய்தாள். முதலில் நுனியிலிருந்து தொடங்கினாள். பூவாளித் தலையைத் திருகிக் கழற்றினாள். துளைகளில் பாதி சுண்ணாம்பு படிந்து அடைத்துக் கிடந்தன. ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றி அதில் மூழ்கப் போட்டாள். ஷவரை ஊறவைத்துச் சமைக்கப் போறீங்களா அண்ணி என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். நுரை நுரையாகச் சுண்ணாம்பு விட்டது. மிச்சத்தை ஊசியால் குத்தி எடுத்தாள். திரும்ப மாட்டிப் பார்த்தபோது நூல்நூலாக விழுந்த தண்ணீர் விரிந்து விழுந்தது. ஆனால் கையை வைத்துக்கொண்டே நின்றபோது மறுபடி அந்தச் சுள்ளென்ற சூடு வந்தது. வந்து போயிற்று.

அடுத்தது வளைகுழாய். எங்கும் மடங்கவில்லை. அடுத்தது சுவரில் இருந்த வால்வு. முழுசாகத் திறந்துதான் இருந்தது. அடுத்தது பெட்டிக்குள் தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் சல்லடை. அதற்கு ஃபியூஸ் மறுபடி வரவேண்டியிருந்தது. கரண்டை அணைத்து, தண்ணீரை அடைத்து, விரல் நகம் அளவு சல்லடையை வெளியே எடுத்தார். மணலும் துருவும் கலந்து சேறாக அப்பியிருந்தது. இதுதான் கள்ளன் என்று ஃபியூஸ் சொன்னார். அவளும் நம்பினாள். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் கை சுட்டது.

மாஸ்டர் இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். விட்டுடும்மா, எனக்கு வாளி பழகிடுச்சு என்றார் ஒருமுறை. அவர் அப்படிச் சொன்னதே அவளை மேலும் முடுக்கிவிட்டது. பழகிவிட்டது என்று அந்த மனிதர் தண்ணீரைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

கடைக்கு விடுமுறை கிடைத்த நாளெல்லாம் அவள் குளியலறையிலேயே குடியிருந்தாள். ஷவரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். தண்ணீர் வீணாகாமல் வாளியில் பிடித்துத் துணிக்கும் தரைக்கும் வைத்துக்கொண்டாள். அப்படி நிற்கும்போதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. சூடேறுவதற்குச் சற்று முன்னால் சுவருக்குள் ஒரு சத்தம் வருகிறது. தூரத்தில் யாரோ முனகுவதுபோல. அவள் காதைச் சுவரில் வைத்தாள். முனகல். உடனே உள்ளங்கையில் சூடு. முனகல் நின்றது. சூடு தணிந்தது. அது மேல்வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்கும் சத்தம்.

ஒரு தடவை தெரிந்துவிட்ட பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. குட்டியாக ஒரு சூடு வந்து உடனே மறைந்தால் யாரோ கைகழுவுகிறார்கள். நீளமாக ஏறினால் யாரோ தொட்டி நிரப்புகிறார்கள். தடால் என்று விழுந்து மெதுவாக மீண்டால் கக்கூஸ் தொட்டி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாயில்தான் இந்த வரிசை வீடுகள் அத்தனையும் வாய்வைத்துக் குடிக்கின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெறும் ஈரக் கை. அந்தக் கைக்குள் மாடியில் ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள், கீழே யாரோ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் முகம் கழுவுகிறார். ஒருவரையும் பார்க்காமல் எல்லோரும் அவளுக்குத் தெரிந்தார்கள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தும் இவர்களோடு இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கிறோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தண்ணீரை நிறுத்தவே மனம் வரவில்லை.

விஷயத்தைச் சொல்ல அவள் மேலே போனாள். மேல்வீட்டம்மா லேசில் மசிகிற ஆளில்லை. அவருக்குத் தன் வாஷிங் மெஷின்மேல் தனிப் பெருமை. அதன்மேல் பழி என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான் என் வீட்டில் குழாய் திறந்தால் உன் வீட்டில் சுடுமா, நல்ல கதையாக இருக்கிறதே என்றார். சோதித்துப் பார்க்கலாம் என்று அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி கீழே வந்து ஷவரின்கீழ் கையை நீட்டினாள். மேல்வீட்டம்மா ஏமாற்றப் பார்த்தார். திறந்துவிட்டேன் என்றார். இல்லையே, இன்னும் திறக்கவில்லை என்று இவள் சொன்னாள். பேசாமல் திறந்தார். இப்போது திறந்தீர்கள் என்றாள். பாதி மூடினார். பாதி மூடிவிட்டீர்கள் என்றாள். அடுத்த நிமிஷம் மேல்வீட்டம்மா படியிறங்கி வந்து வாசலில் நின்றார். தன் மகளை மேலே குழாயருகில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஷவரில் கையை நீட்டினார். சூடேறியதும் கையை இழுத்துக்கொண்டு, கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வீட்டுத் தண்ணியா உன் வீட்டுல சுடுது?" என்றார், ரகசியம் கேட்பதுபோல.

அதன்பிறகு சண்டைக்கு இடமே இல்லாமல் போயிற்று. தொட்டியிலிருந்து இந்த ஒரு குளியலறைக்கு மட்டும் தனிக் குழாய் இழுத்தால் யார் எதைத் திறந்தாலும் பாதிக்காது என்றார் ஃபியூஸ். வீட்டு உரிமையாளரிடம் சம்மதம் கேட்கவேண்டும், மாடிச்சுவரில் துளைபோடவேண்டும், கொஞ்சம் நாளாகும். அதுவரைக்கும் மாஸ்டர் குளிக்கும் நேரத்தில் குழாயைத் தொடமாட்டேன் என்று மேல்வீட்டம்மா தானாகவே வாக்குக் கொடுத்தார். கீழ்வீட்டிலும் சொல்லிவைத்தாள். அவளும் தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டாள்: பூவாளி கொக்கியில் தொங்கக்கூடாது, அவள் கையில்தான் இருக்கவேண்டும், அவளுடைய விரல்களைத் தொடாமல் ஒரு சொட்டும் அவர்மேல் விழக்கூடாது.

அப்படி மாஸ்டர் மறுபடி ஷவருக்கு வந்தார். முதல் நாள் தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பியது. வாயோரமாக ஒரு மூச்சு. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. உண்மையில் கதை அங்கே முடிந்திருந்தாலும் அவள் திருப்தியாகவே இருந்திருப்பாள்.

மேல்வீட்டில் மருமகன் ஊரிலிருந்து வந்திருந்த வாரம் அது. வந்தவருக்கு இந்த ஒப்பந்தமெல்லாம் எப்படித் தெரியும்? காலையில் எழுந்து, எல்லோரையும்போல, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். கீழே அவள் மாஸ்டரின் இடது தோளில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சோப்பு நழுவித் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. அவர் கால் அதில் பட்டு வழுக்கிவிடக்கூடாதே என்று அவள் குனிந்தாள். பூவாளி ஒரு கையில் இருந்தது. மற்றக் கை சோப்பைத் துழாவிக்கொண்டிருந்தது. தண்ணீரில் விரல் இல்லாமல் இருந்தது அந்தக் கணம் மட்டும்தான்.

"ஏம்மா, சுடுது," என்றார் மாஸ்டர்.

அவள் பதறிப்போய்ப் பூவாளியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத் திருகியை மூடினாள். தோளைப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். தோல் உரியவில்லை. பச்சைத்தண்ணீரில் நனைத்த துண்டை அதன்மேல் வைத்து, மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துண்டை வைத்த இடத்தைப் பார்த்தாள். இடது தோள்.

துண்டைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"எங்க சுட்டுச்சு?" என்றாள்.

"இங்கதான்." அவர் வலது கையைத் தூக்கி இடது தோளைத் தொட்டுக் காட்டினார். தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. அவரும் அவளைப் பார்த்தார்.

"திரும்ப ஊத்து," என்றார் மாஸ்டர்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அவள் ஜெராக்ஸ் அக்கா. ஆவியைப் பார்த்து அவர் சொல்லியிருக்கலாம். கழுத்தில் தெறித்த துளியைத் தோள் என்று நினைத்திருக்கலாம். திருகியைத் திருப்பினால் தண்ணீரின் சத்தமே மாறும், அதை வைத்தும் சொல்லிவிடலாம். ஷவரை மூடிவைத்துவிட்டு இரண்டு கோப்பை எடுத்தாள். ஒன்றில் இதமான வெந்நீர், ஒன்றில் பச்சைத்தண்ணீர். ஆவி பறக்காத அளவுக்குத்தான் சூடு. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பாட்டை முணுமுணுக்கச் சொன்னாள், சத்தம் காதில் விழாமலிருக்க. அவர் சுதியில்லாமல் முணுமுணுக்க ஆரம்பித்தார். கழுத்தில் தெறிக்காமல் துண்டைச் சுற்றிவிட்டு, தோள்பட்டையின் ஓரத்தில் வெந்நீரை மெல்லச் சரித்தாள்.

பாட்டு நின்றது. "சூடு," என்றார்.

பச்சைத்தண்ணீரைச் சரித்தாள். "குளிரு." மறுபடியும் பச்சைத்தண்ணீரே. "குளிரு. அதேதான்." பிறகு கோப்பையைச் சாய்க்காமல் சும்மா நீட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் பாடிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் பாடிவிட்டு, "ஒண்ணும் ஊத்தலையே," என்றார்.

அவள் வேலைக்குப் போட்டிருந்த உடுப்போடு அந்த ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தன்னைப் பெரிய ஒன்றின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டதுபோல இருந்தது. எத்தனையோ மாதமாக யாரும் குடியில்லை என்று அவர்கள் பூட்டிவைத்திருந்த உடம்பில், யாருக்கும் சொல்லாமல், எந்த நாளில் என்றும் தெரியாமல், ஒரு விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மருமகன் குழாயைத் திறக்கவேண்டியிருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து கீழே கீழே ஊற்றிப் பார்த்தாள். மேல்கையின் பாதிவரை தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முழங்கை இல்லை, மணிக்கட்டு இல்லை, கால் இல்லவே இல்லை. தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவில் ஒரு கரை இருந்தது. மாஸ்டர் வலது விரலால் அந்தக் கரையை மெல்லத் தடவிப் பார்த்தார். தன் உடம்பில் அப்படி ஒரு கரை இருப்பதை அவரும் அன்றுதான் கண்டார்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாராவாரம் வரும் பிசியோ பெண், விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் அவளைத் திட்டினாள். உணர்ச்சியில்லாத இடத்தில் இனி ஒருபோதும் சூட்டை வைத்துச் சோதிக்கக்கூடாது, கைபொறுக்கும் இதத்தைத் தாண்டக்கூடாது என்றாள். பிறகு மாஸ்டரைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சால், ஸ்பூனால், விரல்நுனியால் வெகுநேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது. இப்படிச் சிலருக்குத் திரும்பி வருவதுண்டு என்றாள். யாருக்கு வரும், எவ்வளவு வரும், எப்போது நிற்கும் என்று கேட்டதற்கு, "எங்களுக்கும் அது முழுசாத் தெரியாதுக்கா," என்றாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரலும் தாழ்ந்திருந்தது.

மேல்வீட்டம்மா மருமகனையும் அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தார். மனிதருக்கு முகமே செத்துப்போயிருந்தது. அவள் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உபசரித்த உபசரிப்பில், குத்திக்காட்டுகிறாள் என்றே மேல்வீட்டம்மா முதலில் நினைத்துவிட்டார். நாத்தனார்தான் விளக்கவேண்டியிருந்தது. விளங்கியதும் மேல்வீட்டம்மா போய் மாஸ்டரின் இடது தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார்.

தனிக் குழாய்க்குச் சம்மதம் கிடைத்து, ஃபியூஸ் மாடியிலிருந்து சுவரோரமாகக் குழாயை இறக்கி முடித்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. வேலை முடிந்த அன்று மேலேயும் கீழேயும் இருந்த குழாய்கள் அத்தனையையும் திறந்துவிடச் சொன்னார்கள். வாஷிங் மெஷினும் ஓடியது. அவள் ஷவரின்கீழ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சுவருக்குள் முனகல் கேட்டது. கையில் விழுந்த வெந்நீர் அசையவில்லை. ஒரே இதமாக, ஒரே கனமாக விழுந்துகொண்டே இருந்தது.

ஃபியூஸ் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, தயங்கித் தயங்கி, மாஸ்டருக்கு உணர்ச்சி திரும்பிய கதை நிஜமா என்று கேட்டார். வீட்டுக்கு வீடு அது ஒவ்வொரு மாதிரி பரவியிருந்தது. மாஸ்டர் தடியூன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். நீங்களே பாருங்க என்றார். அதற்குள் அந்தக் கரை முழங்கைக்கு வந்திருந்தது.

அவள் பூவாளியை ஃபியூஸிடம் கொடுத்தாள். எவ்வளவு சூடு போகலாம் என்று திருகியில் ஓரிடத்தைக் காட்டி, அதற்குமேல் கூடாது என்றாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபியூஸ் அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, முதலில் தன் கையில் பார்த்துவிட்டு, அவர் மேல்கையில் தண்ணீர் விட்டார். வாயைத் திறக்காமல் திருகியை ஒரு மயிரிழை நகர்த்தினார். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"கொஞ்சம் ஆறிப்போச்சு," என்றார் மாஸ்டர்.

ஃபியூஸ் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் திருகியை மறுபடி நகர்த்தினார். "இப்ப சரி," என்றார் மாஸ்டர். ஃபியூஸ் தோளிலிருந்த கருவிப்பையை மெல்லக் கழற்றிக் குளியலறை வாசலில் வைத்தார். அடுத்த வீட்டில் வேலை இருக்கிறது என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், செருப்பையும் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் முட்டி போட்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ விடுங்க," என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல்.

ஃபியூஸ் பூவாளியை முழங்கைக்குக் கீழே இறக்கினார்.